தாடை கட்டியவர்கள்

காலைப் பெரட்டில் பெயர் கூப்பிடுவதற்காக ஆட்கள் வரிசையில் நின்றுகொண்டிருந்தபோதே லாரிகள் தோட்டத்துக்குள் வந்துவிட்டன. 1943ஆம் ஆண்டு, மே மாதம். சயாமில் தண்டவாளம் போட ஆள் வேண்டும் என்று ஜப்பான்காரர்கள் தோட்டம் தோட்டமாகப் பிடித்துக்கொண்டு போன காலம். ஜெலாப்பாங்குக்கு அப்பால் இருந்த அந்த ரப்பர் தோட்டத்தில் அன்று நாற்பத்தாறு பேரை ஏற்றினார்கள். பால் கொட்டகைக்குப் பின்னால் ஒளிந்திருந்த பத்துமலையை ஒரு சிப்பாய் இழுத்து வந்தான். துப்பாக்கியைத் திருப்பிப் பிடித்து, அதன் கட்டையால் அவன் முகத்தில் அடித்தான். எலும்பு முறிந்த சத்தம் வரிசையில் நின்ற எல்லாருக்கும் கேட்டது. இரண்டாவது அடியில் பத்துமலை குப்புற விழுந்தான். வாயிலிருந்து ரத்தத்தோடு இரண்டு பற்கள் வந்து மண்ணில் கிடந்தன. இவன் வேலைக்கு ஆகமாட்டான் என்று விட்டுவிட்டு லாரிகள் போய்விட்டன.

தோட்டத்து டிரஸ்ஸர் கஸ்பார் அவனைத் தூக்கி உட்காரவைத்தார். கஸ்பாருக்கு முப்பத்தைந்து வயது. ஒன்பது வருஷமாக அந்த மருந்துக் கொட்டகையில் காய்ச்சலுக்குக் கொய்னா கொடுத்தும் புண் கட்டியும் பிரசவம் பார்த்தும் பழகியவர். முறிந்த தாடையை அவர் அதற்கு முன் தொட்டதில்லை. கீழ்த்தாடை இரண்டாகப் பிரிந்து, இடது பாதி தனியாக ஆடியது. தலையைச் சுற்றித் துணியால் கட்டி, வண்டிக்காரன் சீனியின் மாட்டு வண்டியில் ஏற்றி, பத்துமலையின் மனைவி நல்லம்மாளையும் கூட்டிக்கொண்டு ஈப்போவுக்குப் போனார்.

பழைய டவுனில் வள்ளியப்பனின் பல் மருத்துவமனை இருந்தது. வட்டிக்கடைக் குடும்பத்தில் பிறந்து, சிங்கப்பூரில் பல் மருத்துவம் படித்துப் பட்டம் வாங்கி வந்தவர். கைவசம் மிச்சமிருந்த கடைசி மரப்பு ஊசியைப் பத்துமலைக்குப் போட்டார். மேல் பற்களையும் கீழ்ப் பற்களையும் கம்பியால் சேர்த்து, வாய் திறக்கவே முடியாதபடி இறுக்கிக் கட்டினார். இரண்டு மணி நேரம் ஆயிற்று.

"ஆறு வாரத்துக்கு வாயைத் திறக்கக் கூடாது. கஞ்சித் தண்ணி மட்டும்தான். கம்பியத் தொடாதீங்க" என்றார்.

திரும்பும் வழியில் ஜெலாப்பாங்கைத் தாண்டியதும் பத்துமலை முனகினான். காலையிலிருந்து விழுங்கிய ரத்தம் வயிற்றில் இருந்தது. உச்சி வெயில், வண்டியின் ஆட்டம் வேறு. குமட்டல் வந்தது. வாந்தி தொண்டைக்கு ஏறி, மூடிய பற்களுக்குப் பின்னால் நின்றது. மூக்கு வழியாகக் கொஞ்சம் வந்தது. மீதி மூச்சுக்குழாய்க்குள் போயிற்று. அவன் கைகால்களை உதைத்தான். கஸ்பார் கம்பிக்கு அடியில் விரலைக் கொடுத்து இழுத்தார். கம்பி விரலைத்தான் அறுத்தது. சீனி பாராங் கத்தியை எடுத்துக் கொடுத்தான். அதன் முனையைப் பற்களுக்கு இடையில் விட்டு நெம்பியதில் உதடு கிழிந்ததே தவிர வாய் திறக்கவில்லை. நல்லம்மாள் கணவனின் தலையைப் பிடித்துக்கொண்டு, "தொறங்க டிரஸ்ஸரே, தொறங்க" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். அவன் முகம் நீலமாகி அடங்கும்வரை அவள் அதையேதான் சொன்னாள்.

அடக்கம் முடிந்த மறுநாள் கஸ்பார் நடந்தே டவுனுக்குப் போனார். வள்ளியப்பன் ஒரு சீனக் கிழவருக்குப் பல் பார்த்துக்கொண்டிருந்தார். கஸ்பார் வாசலிலேயே நின்று நடந்ததைச் சொன்னார்.

வள்ளியப்பனின் கையிலிருந்த இடுக்கி தட்டில் விழுந்தது. "வாந்தி வந்தா கம்பிய வெட்டிவிடணும்லா. அது உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்."

"யாரு சொன்னா எனக்கு? தொடாதீங்கன்னுதானே சொன்னீங்க. வெட்டறதுக்கு ஒரு கத்தரி கொடுத்தனுப்பலையே."

"இல்ல."

"அந்தப் பொம்பளகிட்ட நான் என்ன சொல்றது, டாக்டர்?"

கிழவர் போன பிறகு வள்ளியப்பன் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். தாடை கட்டுவதைக் கல்லூரியில் ஒரே ஒரு முறை எட்ட நின்று பார்த்ததாகச் சொன்னார். தன் கையால் கட்டியது பத்துமலைக்குத்தான் முதல் முறை. "கம்பி வேலைல என்னவிடக் கைகாரர் பக்கத்துத் தெருவுல இருக்காரு. பத்து வருஷமா நான் அவருகிட்ட ஒரு வார்த்தை பேசினதில்ல. எனக்குப் பட்டம் இருக்கு, அவருக்கு இல்ல. அவ்வளவுதான் காரணம்."

அன்று சாயங்காலமே இருவரும் லியோங்கின் பல் கட்டும் கடைக்குப் போனார்கள். லியோங் தன் அப்பாவிடம் தொழில் கற்றவர். நாற்பது வயது, குள்ளம், தடித்த விரல்கள். மலாயில்தான் பேசினார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, வள்ளியப்பனைப் பார்த்து ஒன்றே ஒன்று கேட்டார். "எந்தக் கம்பி போட்டாய்?" வள்ளியப்பன் காட்டினார். லியோங் அதை வளைத்துப் பார்த்துக் கீழே போட்டார். "இது ரொம்பத் தடிமன். கத்தரி இருந்திருந்தாலும் வெட்டியிருக்க முடியாது."

இப்படித்தான் அது தொடங்கியது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் லியோங்கின் கடைப் பின்கட்டில் கூடினார்கள். வள்ளியப்பன் அழைத்ததன்பேரில், ஈப்போ ஆஸ்பத்திரியில் நர்சாக இருந்த கெர்ட்ரூட்டும் வந்து சேர்ந்தாள். நான்கு முக்காலிகள், ஒரு மேசை. லியோங்கின் மச்சான் சந்தையிலிருந்து கொண்டுவந்த பன்றித் தாடை எலும்பில் பழகினார்கள். வள்ளியப்பன் முதல் வாரம் அதைக் கைக்குட்டையால் பிடித்தார். மூன்றாவது வாரம் கைக்குட்டையை மறந்துவிட்டார்.

நரம்பு எங்கே ஓடுகிறது, முறிவு எந்தப் பக்கம் சரியும் என்று வள்ளியப்பன் சொல்வார். மெல்லிய பித்தளைக் கம்பியைக் கண்ணி போட்டு முறுக்குவதை லியோங் காட்டுவார். காய்ச்சல் ஆளுக்கு ரப்பர் குழாயில் எப்படிக் கஞ்சி ஊற்றுவது, புண்ணை உப்புத் தண்ணீரால் எப்படிக் கழுவுவது என்பதெல்லாம் கெர்ட்ரூட்டின் பாடம். நோயாளி வீட்டுக்குப் போன பிறகு என்ன நடக்கும் என்பதை கஸ்பார் சொன்னார். மற்ற மூவரும் அதுவரை அதைக் கேட்டதே இல்லை. தோட்டத் தொழிலாளர் லயத்து வீட்டில் வெந்நீர் போட விறகு இருக்கிறதா, வாந்தி எடுத்தால் கூட யார் இருப்பார்கள், வலிக்குச் சாராயம் குடித்துவிடுவார்களா. ஒவ்வொருவரும் மற்றவர் வேலையை வாய்விட்டுச் சொல்லிக் காட்டாமல் யாரும் எழுந்து போகக் கூடாது என்று கெர்ட்ரூட் ஒரு ஒழுங்கு வைத்தாள். வள்ளியப்பன் கஞ்சி வடிகட்டக் கற்றுக்கொண்டார். கஸ்பார் கண்ணி முறுக்கக் கற்றுக்கொண்டார். லியோங் அவர் கையைத் தட்டித் தட்டித் திருத்தினார்.

தையல் கத்தரிகளை உடைத்துச் சாணை பிடித்து, விரல் நீளத்துக்குச் சின்னக் கத்தரிகள் செய்தார் லியோங். தாடை கட்டப்பட்ட ஒவ்வொருவர் கழுத்திலும் கறுப்புக் கயிற்றில் அதில் ஒன்று தொங்கியது. வீட்டார் ஒருவர் எந்தக் கம்பிகளை வெட்ட வேண்டும் என்று தொட்டுக் காட்டிய பிறகே நோயாளியை அனுப்பினார்கள். முதல் ஆளின் தாடை கட்டப்பட்டபோது கஸ்பார் நல்லம்மாளைக் கூட்டிவந்து உட்காரவைத்தார். அவள் பார்த்தாள். எழுந்து போய்விட்டாள்.

ஒன்றரை வருஷத்தில் பதினெட்டுத் தாடைகள். தலை வணங்காததற்காகக் காவல் சிப்பாயிடம் அறை வாங்கியவர்கள், கிழங்கு திருடியதாக உதை வாங்கியவர்கள். பதினெட்டில் இரண்டு பேர் காய்ச்சலில் செத்தார்கள். மூச்சு முட்டி யாரும் சாகவில்லை.

1945 ஜனவரியில் குனோங் ராபாட் சாலையில் சோதனை நடந்தது. மலையில் இருந்த கெரில்லாக்களுக்கு அரிசி போகிறது என்று ஜப்பான் ராணுவப் போலீசான கெம்பெய்தாய் அந்த வழியில் ஆட்களை நிறுத்தியது. மூன்று பேர் கழுத்தில் ஒரே மாதிரி கறுப்புக் கயிறு, ஒரே மாதிரி கத்தரி. இருவர் சீனத் தோட்டக்காரர்கள், ஒருவர் தமிழர். இது ஏதோ இயக்கத்தின் அடையாளம் என்று சோதனையை நடத்திய லெப்டினன்ட் முடிவு செய்தான். அந்த மூன்று பேரையும் அடித்ததில் வள்ளியப்பனின் பெயர் வந்தது; அன்றே அவரைப் பிடித்துப் போனார்கள். நான்கு நாள் கழித்து லியோங்கைப் பிடித்தார்கள். அதற்கு மறுநாள் கஸ்பாரை மருந்துக் கொட்டகையிலிருந்து இழுத்துப் போனார்கள். அவர் மனைவி பெட்ரீசியா லாரிக்குப் பின்னால் ஓடி வந்தாள். ஒரு சிப்பாய் அவள் வயிற்றில் உதைத்து வாய்க்காலில் தள்ளினான்.

ஒரு வெள்ளைக்காரத் துரையின் பழைய பங்களாவில் விசாரணை. கஸ்பாரைக் கையைக் கட்டி உத்தரத்தில் தொங்கவிட்டு, நனைத்த கயிற்றால் அடித்தார்கள். முதுகுத் தோல் கிழிந்து சட்டை ஒட்டிக்கொண்டது. பிறகு தரையில் படுக்கவைத்து வாயில் தண்ணீரை ஊற்றினார்கள். வயிறு உப்பியதும் ஒருவன் அதன்மேல் ஏறி நின்றான். மலாய் தெரிந்த மொழிபெயர்ப்பாளன் ஒருவன் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து கேள்வி கேட்டான்.

"யார் தலைவன்?"

"தலைவன்னு யாரும் இல்ல. நோயாளியைக் கூட்டிட்டு வந்தவர்தான் முதல்ல பேசுவாரு."

அது மொழிபெயர்க்கப்பட்டதும் லெப்டினன்ட் சிரித்தான். தலைவன் இல்லாத கூட்டம் என்றால் கம்யூனிஸ்டுகள்தான் என்று சொன்னான்.

"கடையில் நான்கு முக்காலி இருந்தது. நாலாவது ஆள் யார்?"

கஸ்பாருக்கு கெர்ட்ரூட்டின் முகம் கண்ணுக்குள் வந்தது. "நோயாளி உட்கார்றதுக்கு" என்றார். மறுபடி தண்ணீர் ஊற்றினார்கள். அதே பதிலைச் சொன்னார். மூன்றாம் முறை அவருக்கு நினைவு தப்பிவிட்டது.

மறுநாள் காலை அவரைப் பெரிய கூடத்துக்கு இழுத்து வந்தார்கள். அங்கே வள்ளியப்பன் சுவரில் சாய்ந்து கிடந்தார். அவர் வலது கை விரல்கள் நான்கும் நசுங்கி வீங்கி, கறுத்துப்போயிருந்தன. லியோங்கை ஒரு நாற்காலியில் கட்டியிருந்தார்கள். மேசைமேல் கடையிலிருந்து அள்ளி வந்த கம்பிச் சுருளும் இடுக்கியும் கத்தரிகளும் இருந்தன.

லெப்டினன்ட் அமைதியாகப் பேசினான். மொழிபெயர்ப்பாளன் சொன்னான்: "இது வைத்தியம் என்கிறீர்கள். ஒரு மணி நேரம் தருகிறார். செய்து காட்டுங்கள்."

"யாருக்கு?" என்று கஸ்பார் கேட்டு முடிக்கவில்லை. சிப்பாய் துப்பாக்கிக் கட்டையால் லியோங்கின் தாடையில் அடித்தான். நாற்காலியோடு அவர் சாய்ந்தார். தூக்கி நிமிர்த்தி மறுபடி அடித்தான். கன்னம் உள்ளே போய், தாடை ஒரு பக்கமாகத் தொங்கியது. லியோங்கின் தொண்டையிலிருந்து வந்த சத்தத்தை கஸ்பார் அதற்கு முன் எந்த மனிதனிடமும் கேட்டதில்லை. சிப்பாய் கயிற்றை அவிழ்த்ததும் லெப்டினன்ட் கைக்கடிகாரத்தைப் பார்த்தான்.

வள்ளியப்பன் எழ முயன்றார். கம்பியை எடுக்கப் போன விரல்கள் மடங்கவில்லை. "என்னால முடியாது, கஸ்பார். நீங்க செய்ங்க. நான் சொல்றேன்."

"எலும்புலதானே நான் பழகினேன், டாக்டர்."

"பரவால்ல. முதல்ல ரத்தத்தத் தொடச்சி, பல்லு எங்க இருக்குன்னு பாருங்க."

கஸ்பார் தன் சட்டையைக் கிழித்துத் துடைத்தார். முன்பல் ஒன்று போயிருந்தது. முறிவு இரண்டு இடத்தில். கண்ணி முறுக்கக் கம்பியை எடுத்தார். இரண்டு முறை கை வழுக்கியது. அப்போது லியோங் கையை நீட்டினார். ரத்தம் மார்பில் வழிந்துகொண்டிருக்க, கண்ணை மூடிக்கொண்டு, தன் தடித்த விரல்களால் தானே கண்ணிகளை முறுக்கினார். ஒவ்வொன்றாக கஸ்பாரின் உள்ளங்கையில் வைத்தார். மொத்தம் எட்டு.

மரப்பு ஊசி இல்லை. ஒவ்வொரு பல் இடுக்கிலும் கம்பியை நுழைத்தபோது லியோங் நாற்காலியின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "இடது பக்கத்த மேல தூக்குங்க. இன்னும். நடுக்கோடு சேரணும்" என்று வள்ளியப்பன் சொன்னார். கஸ்பார் தூக்கினார். எலும்பு நறநறவென்று உரசியது. லியோங் கஸ்பாரின் மணிக்கட்டைப் பிடித்து வலப்பக்கமாகத் தள்ளினார். தன் கடி எங்கே சேரும் என்பது அவருக்குத்தான் தெரியும். சேர்ந்ததும் கையை விட்டார். கஸ்பார் கம்பிகளை முறுக்கினார்.

"முனையக் குட்டையா வெட்டி மடிச்சுவிடுங்க. இல்லன்னா கன்னத்துல குத்தும்" என்றார் வள்ளியப்பன். கஸ்பார் கத்தரியை எடுத்ததும் லியோங் தலையை ஆட்டி மறுத்தார். கத்தரியைத் தட்டிவிட்டார். முனைகள் நீளமாகவே இருந்தன.

லெப்டினன்ட் வந்து லியோங்கின் வாய்க்குள் விரலை விட்டு ஆட்டிப் பார்த்தான். பிறகு விரலைத் துடைத்துக்கொண்டு ஏதோ சொன்னான். "இவர்கள் பல் வைத்தியர்கள்தான் என்கிறார்" என்றான் மொழிபெயர்ப்பாளன். வள்ளியப்பன் ராணுவத்தாருக்குப் பல் பார்க்க வேண்டும், அதனால் வீட்டுக்குப் போகலாம். டிரஸ்ஸரும் போகலாம். சீனன் மட்டும் உள்ளே இருப்பான்.

கஸ்பார் ஒரு கத்தரியைக் காட்டினார். "இதை அவரு கழுத்துல மாட்டணும். வாந்தி வந்தா செத்துப்போவாரு."

"கைதியிடம் கத்தரி இருக்கக் கூடாது."

கஸ்பார் தரையைப் பார்த்தார். வாசல் திறந்திருந்தது. வாய்க்காலில் விழுந்த பெட்ரீசியா எப்படி இருக்கிறாள் என்று அவருக்குத் தெரியாது. "அப்போ என்னையும் அவரோட போடுங்க" என்றார்.

மொழிபெயர்ப்பாளன் அதைச் சொல்லத் தயங்கினான். பிறகு சொன்னான். லெப்டினன்ட் தோளைக் குலுக்கிவிட்டுப் போனான்.

எட்டுப் பேர் இருக்க வேண்டிய அறையில் இருபத்திரண்டு பேர் இருந்தார்கள். ஒரே ஒரு வாளி. கஸ்பார் கிழங்குக் கஞ்சியைச் சட்டைத் துணியில் வடிகட்டி, லியோங்கின் விழுந்த பல் இடைவெளியில் சொட்டுச் சொட்டாக ஊற்றினார். கம்பி முனைகள் கன்னத்தைக் குத்திப் புண்ணாக்கின. இரண்டு முறை லியோங்கை வெளியே கொண்டுபோய் மூங்கிலால் அடித்துத் திருப்பிப் போட்டார்கள். தாடையில் மட்டும் அடிக்கவில்லை.

ஆறாம் நாள் லியோங் மூடிய பற்களுக்கு இடையிலிருந்து பேசினார். "என் பெயரைக் கொடுத்தது டாக்டர்."

"தெரியும். அவரு கையப் பார்த்தேன்."

"உன் பெயரைக் கொடுத்தது நான்."

கஸ்பாரின் கண்முன் வாய்க்காலில் விழுந்த பெட்ரீசியாவின் முகம்தான் நின்றது. இந்த ஆளை இப்படியே விட்டுவிட்டால் என்ன என்றுகூட ஒரு கணம் நினைத்தார். கஞ்சி வந்ததும் வடிகட்டினார், ஊற்றினார். கை மட்டும் முன்னைவிட முரட்டுத்தனமாக இருந்தது.

ஒன்பதாம் நாள் மத்தியானம் கெட்டுப்போன கஞ்சி. லியோங்கின் உடம்பு வளைந்தது, கண்கள் பிதுங்கின. கஸ்பார் அவரைக் குப்புறத் தன் மடியில் சாய்த்து, உதட்டுக்கும் பல்லுக்கும் நடுவில் விரலை விட்டார். இதற்காகவே லியோங் நீளமாக விடவைத்த கம்பி முனைகள் விரலில் சிக்கின. அவற்றைப் பிடித்து எதிர்ப்பக்கமாகச் சுழற்றினார். ஒன்று அவிழ்ந்தது. இரண்டு. மூன்றாவதில் அவர் நகம் பெயர்ந்து வந்தது. நான்காவது அவிழ்ந்ததும் தாடை விட்டுக்கொடுத்து, எல்லாம் அவர் தொடைமேல் கொட்டியது. லியோங் இழுத்த மூச்சை அறையில் இருந்த எல்லாரும் கேட்டார்கள். கஸ்பார் அவர் முதுகைத் தட்டிக்கொண்டே அழுதார். எதற்காக அழுகிறார் என்று அவரால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. சாயங்காலம் வாயைக் கழுவி, முறிவைப் பொருத்தி, கம்பிகளை மறுபடி முறுக்கினார்.

நாற்பத்து மூன்றாம் நாள் கம்பிகளை நிரந்தரமாகக் கழற்றினார். எலும்பு ஒட்டியிருந்தது. மார்ச் கடைசியில் லெப்டினன்டுக்கு இடமாற்றம் வந்தது. புதிதாக வந்தவன் அறைகளைக் காலி செய்தான். எட்டுப் பேரைத் தைப்பிங் சிறைக்கு லாரியில் ஏற்றினான். மற்றவர்களைத் தெருவில் விட்டான். லியோங்கும் கஸ்பாரும் தெருவில் விடப்பட்டவர்களில் இருந்தார்கள்.

பெட்ரீசியா உயிரோடு இருந்தாள். வயிற்றில் இருந்த இரண்டு மாதக் கரு கலைந்துபோயிருந்தது. தான் கர்ப்பமாக இருந்தது அவளுக்கே அப்போதுதான் தெரிந்ததாம். ஆஸ்பத்திரியில் அவளைப் பார்த்துக்கொண்டவள் கெர்ட்ரூட். அதைக் கேட்ட பிறகு கஸ்பார் இரண்டு வாரம் டவுன் பக்கமே போகவில்லை.

லியோங்தான் ஆள் அனுப்பினார். ஜெலாப்பாங்கிலிருந்து ஒரு பெண்ணைக் கொண்டுவந்திருக்கிறார்கள், தாடை முறிந்திருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை வர முடியுமா என்று. கஸ்பார் பெட்ரீசியாவிடம் சொன்னார். அவள் அடுப்பில் விறகைத் தள்ளினாள். "போங்க. ஆனா அவங்கள எல்லாம் வீட்டுக்குக் கூட்டியாராதீங்க" என்றாள்.

கடைப் பின்கட்டில் கெர்ட்ரூட் அந்தப் பெண்ணின் வாயைக் கழுவிக்கொண்டிருந்தாள். லியோங் கண்ணி முறுக்கிக்கொண்டிருந்தார். அவர் முகம் இடப்பக்கம் சற்றுக் கோணியிருந்தது. கொஞ்ச நேரத்தில் வாசலில் வள்ளியப்பன் வந்து நின்றார். வலது கையைச் சட்டைப் பைக்குள் விட்டிருந்தார்.

"உள்ளே வரலாமா?" என்று மலாயில் கேட்டார்.

லியோங் நிமிரவில்லை. கஸ்பார் கடை முதலாளி லியோங்கைப் பார்த்து மெதுவாகச் சொன்னார். "தவுக்கே, நீங்களும்தான் பேரு கொடுத்தீங்க."

லியோங்கின் விரல்கள் நின்றன. "அவன் உள்ளே வரக் கூடாது என்று நான் சொன்னேனா?" என்றார்.

வள்ளியப்பன் உள்ளே வந்தார். யாரும் உட்காரச் சொல்லவில்லை. அவராகவே சுவரோரம் நின்றார். கஸ்பார் முதல் கம்பியை நுழைத்தார். பெண் முனகினாள். பாதி வேலை முடிந்த பிறகு, லியோங் வள்ளியப்பன் பக்கம் திரும்பாமலே கேட்டார். "இந்த இடத்தில் நரம்பு எலும்புக்கு உள்ளேயா, வெளியேயா?"

"உள்ளே" என்றார் வள்ளியப்பன். "கடைவாய்ப் பல்லுக்குக் கீழே. இன்னும் கொஞ்சம் முன்னால் பிடித்தால் அதில் படாது."

கஸ்பார் கையைக் கொஞ்சம் முன்னால் நகர்த்தினார்.